சித்தி தூங்கிய ஆறு படங்கள்

அந்த நடிகருக்கு வரிசையாக ஆறு படம் ஓடியது. ஏன் ஓடியது என்று சென்னையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இயக்குநர், பாட்டு, பண்டிகை நாள், எதிரே வேறு படம் வராதது என்று என்னென்னவோ. இலங்கையில் நமுனுகுல மலைப்பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கேட்டால் ஒரே காரணம்தான் வரும். அது என் சித்தி. இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவன் நான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நடிகரைப் பிடிக்காது. என் ஆள் வேறு. இருவர் பேரையும் எழுதப் போவதில்லை, எழுதினால் இதற்கும் சண்டைக்கு வருவார்கள். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் தோட்டத்தில் மேல் லயம் முழுக்க அவர் கட்சி, கீழ் லயம் என் ஆள் கட்சி. இரண்டு லயத்துக்கும் நடுவே இருக்கும் தண்ணிப் பீலியில் குடம் வைக்க வரும் பொம்பளைகள்கூட யார் படம் எத்தனை நாள் ஓடியது என்று வாய்ச்சண்டை போடுவார்கள். பசறையில் போன் பழுதுபார்க்கும் கடையில் எனக்கு வேலை. பாதி நேரம் போன் பார்ப்பேன், மீதி நேரம் அந்த நடிகரைத் திட்டி எழுதுவேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. கொழுந்து பறிக்கிறவள். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது சித்தப்பாவை மலையில் குளவி கொட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அன்று காலை அவருக்கு ரொட்டி கட்டிக்கொடுத்து வாசல்வரை வந்து அனுப்பியவள் சித்தி. அது போதுமாக இருந்தது ஊருக்கு. அதற்குப் பிறகு நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே சித்தி வந்தால் திரும்பி வீட்டுக்குள் போய், தண்ணி குடித்துவிட்டு, மறுபடி கிளம்புவார்கள். அவளுக்கும் அது பழகிப்போய், யாராவது புதுச்சேலையோடு வருவது தெரிந்தால் தானே தேயிலைக்குள் இறங்கி ஒதுங்கிக்கொள்வாள்.

நான் பரீட்சைக்குப் போன அன்று அம்மா என்ன செய்தாள் தெரியுமா? சித்தி குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவின் கதவை வெளியே கொண்டி போட்டுவிட்டாள். சொந்தத் தங்கையின் கதவை. நான் பஸ் ஏறிய பிறகுதான் திறந்துவிட்டாள். இரண்டு பாடத்தில் நான் பெயிலானேன். அதற்கு யார்மேல் பழிபோடுவது என்று தெரியாமல் அம்மா ஒரு வாரம் தவித்தாள். எனக்கு அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. சித்தி உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்ததை நினைத்து வருத்தப்பட்டதாக ஞாபகம் இல்லை.

அந்த நடிகருக்கு அதற்கு முன் இரண்டு படம் வரிசையாகப் படுத்திருந்தது. மூன்றாவது வரப்போகிறது என்று மேல் லயத்துப் பயல்கள் ஒரே ஆட்டம். பதுளைத் தியேட்டர் வாசலில் கட்அவுட், மாலை, சூறைத் தேங்காய் எல்லாம் ஏற்பாடு. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு யோசனை வந்தது. வந்த கையோடு சித்தியிடம் போனேன்.

“சித்தி, பதுளையில படம் பாக்க வர்றியா? டிக்கெட் இருக்கு.”

“என்னையா கூப்பிடுற?” என்றாள். அவளை யாரும் எங்கும் கூப்பிட்டதில்லை.

“உன்னையத்தான். விடியக்காலையே கிளம்பிரு. முதல் ஆட்டம்.”

சித்தப்பா போன பிறகு அவள் தியேட்டர் பக்கமே போனதில்லை. அன்று ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, வெளுத்துப்போன நீலச் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தியேட்டர் வாசலில் பயல்கள் தேங்காயை ஓங்கிய நேரமாகப் பார்த்து, “முன்னாடி போ சித்தி, நல்ல எடம் கிடைக்கும்” என்று அவளைத் தள்ளிவிட்டேன். கட்அவுட்டுக்கும் தேங்காய்க்கும் நடுவே, பொட்டில்லாத நெற்றியோடு, எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடி சித்தி முதல் ஆளாக உள்ளே போனாள். பயல்களின் முகம் செத்துப்போனது. அவர்களின் தலைவன், த்ரீவீலர் ஓட்டுகிறவன், என் சட்டையைப் பிடித்தான்.

“வேணும்னே செய்றியாடா?”

“ஆமா” என்றேன்.

உள்ளே முதல் பாட்டு முடிவதற்குள் சித்தி தூங்கிவிட்டாள். நாலு மணிக்கே எழுந்தவள், இருட்டான இடம், மெத்தை போட்ட நாற்காலி. வேறென்ன செய்வாள்? படம் முடிந்து நான் தட்டி எழுப்பியபோது வாயைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இருந்துச்சு ராசா” என்றாள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பதுளையில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும். நான் ஒரு வாரம் கடைக்கே ஒழுங்காகப் போகவில்லை.

அடுத்த படம் வந்தபோது மேல் லயத்தில் யாருக்கு முதலில் தோன்றியதோ தெரியாது. த்ரீவீலர்காரன் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு சித்தியின் காம்பரா வாசலில் வந்து நின்றான். புருஷன் செத்தவளுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததை எங்கள் தோட்டம் அன்றுதான் பார்த்தது. சித்தி தட்டை வாங்கத் தெரியாமல் இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள். அந்தப் படமும் ஓடியது. அதற்கடுத்த இரண்டும் ஓடின. அதற்குள் ஒரு முறையே வந்துவிட்டது. வேன் பிடிப்பார்கள், முன்சீட்டு சித்திக்கு. தியேட்டர் வாசலில் அவள் வலதுகாலை எடுத்து வைத்த பிறகுதான் தேங்காய் உடையும். நடுவரிசையில் ஓரச்சீட்டு அவளுக்கு. அவள் தூங்கும் வரை யாரும் விசில் அடிக்கக் கூடாது. தூங்கிவிட்டாள் என்று த்ரீவீலர்காரன் கையைக் காட்டியதும்தான் ஆட்டம் தொடங்கும். வேடிக்கை என்னவென்றால் அத்தனை சத்தத்திலும் அவள் எழுந்திருக்க மாட்டாள்.

நடுவில் உலகமே கதவடைத்துக் கிடந்த காலத்தில் அந்த நடிகருக்குப் படம் வரவில்லை. அதுவும் அவருக்கு நல்லதாகப் போயிற்று, வராத படம் படுக்காதே. பிறகு பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலத்தில் வேன் கிடைக்கவில்லை. அப்போதும் விடவில்லை. பஸ்ஸில் இடம்பிடித்து அவளை மட்டும் உட்காரவைத்து, இருபது பேர் நின்றுகொண்டு போனார்கள். அதுவும் ஓடியது. வரிசையாக ஐந்து.

சித்திக்குப் பவிசு வந்துவிட்டது. புது த்ரீவீலர் வாங்கினவர்கள் அவளை ஒரு ரவுண்டு உட்காரவைத்து ஓட்டினார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளை வேண்டுமென்றே அவள் வரும் வழியாக அனுப்பினார்கள். தேயிலைக்குள் ஒதுங்குவதை அவள் விட்டுவிட்டாள். முகத்துக்குப் பவுடர் போட்டாள். சத்தமாகச் சிரித்தாள். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை.

“கூத்தாடிக்கு ராசின்னா குடும்பத்துக்கும் ராசியா? நாளைக்கு அவன் படம் படுத்துச்சுன்னா தெரியும் சங்கதி” என்பாள், சித்தி காதில் விழும்படியாக.

ஆறாவது படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். எடை குறைந்தால் அரைப்பேர் போட்டுவிடுவார்கள். படத்துக்கும் நாங்கள் அதே தராசுதான் வைத்திருந்தோம். ஓடினால் முழுப்பேர், படுத்தால் ஒன்றுமில்லை, ரெண்டுங்கெட்டானாகப் போனால் அரைப்பேர். ஆறாவது படம் அப்படித்தான் போனது. சித்தி வழக்கம்போல் தூங்கினாள், படம் மூன்றாவது வாரம் இழுத்துக்கொண்டு நின்றது. மேல் லயம் முழுப்பேர் என்றது, கீழ் லயம் அரைப்பேர் என்றது. பீலியடியில் குடங்கள் நசுங்கின.

அந்த நேரத்தில் த்ரீவீலர்காரனும் நானும் வெளியே எதிரி, உள்ளே கூட்டாளி. அவனுக்கு சித்தியின் மகள்மேல் விருப்பம், அதனால் சித்தி அவனுக்கு ‘அத்தை’. என் கடைக்கு வந்து என்னிடம் நல்லபேர் வாங்கப் பார்ப்பான். ஆறாவது படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயந்தரம் எனக்குக் குரல் பதிந்து அனுப்பினான். “மச்சான், உண்மையச் சொல்றேன், இது அரைப்பேர் படந்தான். நம்ம பயலுககிட்ட சொல்லிறாத. வெளிய முழுப்பேர்னுதான் சொல்லணும். அத்தைக்குத் தெரிஞ்சா வருத்தப்படும்.” நான் அதைப் போனில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது தெரியாது. எதற்காவது ஆகும் என்று தெரியும்.

கல்யாணப் பேச்சு வந்தது. அவன் அம்மாவுக்கு இஷ்டமில்லை, தாலியறுத்தவள் வீட்டுப் பெண் என்று. அவனோ ஆறு படத்தையும் விரல்விட்டு எண்ணிக் காட்டினான். அந்த அம்மாளும் அந்த நடிகர் என்றால் உயிரை விடுகிற ஆள்தான். கடைசியில் இறங்கி வந்து ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

“பொண்ணக் கட்டிக்க, நான் வேணாங்கல. கலியாணத்துக்கு மூணு நாளைக்கு முன்னாடி ஏழாவது படம் வருதுல்ல? அது ஓடட்டும். ஓடுச்சுன்னா அந்தம்மாவே தாலித் தட்டை எடுத்துட்டு வந்து மக பக்கத்துல நிக்கட்டும். ஓடலைன்னா அவங்க அக்கா எடுக்கட்டும். அந்தம்மா அடுப்படியில இருக்கட்டும்.”

இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. சித்தி தலையாட்டினாள். நியாயமான பேச்சு என்றே அவளுக்குத் தோன்றியிருக்கிறது. என்னிடம் வந்து, “படம் நல்லா வந்திருக்காமா? போன்ல என்ன போட்டிருக்கான்?” என்று தினமும் கேட்டாள். “எனக்கு வேற ஒண்ணும் வேணாம் ராசா. அவ கழுத்துல தாலி ஏறுறப்ப பக்கத்துல நிக்கணும்” என்றாள். பச்சை நிறத்தில் ஒரு சேலை எடுத்து, என்னிடம் மட்டும் காட்டினாள். மாரியம்மன் கோயிலில் அந்த நடிகர் பேருக்கு அர்ச்சனை வைத்தாள். பூசாரி நட்சத்திரம் என்ன என்று கேட்டாராம். தெரியாமல் முழித்துவிட்டு, மகளுடைய நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

படம் வந்த அன்று நானும் வேனில் தொற்றிக்கொண்டேன். சித்தி வலதுகாலை வைத்து உள்ளே போனாள். தேங்காய் உடைந்தது. முதல் பாட்டு முடிந்தது. த்ரீவீலர்காரன் எட்டிப் பார்த்தான், கையைக் காட்டவில்லை. இரண்டாவது பாட்டும் முடிந்தது. சித்தி தூங்கவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு, கண்ணைக் கொட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அவள் முழுசாகப் பார்த்த ஒரே படம் அதுதான். இன்டர்வலில் “நல்லாத்தானே இருக்கு? நல்லாத்தானே இருக்கு?” என்று பக்கத்திலிருந்த ஒவ்வொருவரிடமும் கேட்டாள். கடைசிக் காட்சியில் பின்வரிசையில் எழுந்து போக ஆரம்பித்துவிட்டார்கள். சித்தி மட்டும் கை தட்டினாள். வேகமாகத் தட்டினாள், தட்டினால் மற்றவர்களும் தட்டுவார்கள் என்று.

அப்படி ஒரு அடி அந்த நடிகருக்கு எப்போதும் விழுந்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆமாம், சந்தோஷம்தான். அவள் பக்கத்தில் நின்றுகொண்டே போனில் சிரிப்புப் படங்களாக அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பசறையில் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் கல்யாணம். படம் படுத்துவிட்டதால் தட்டு என் அம்மா கைக்கு வரவேண்டும். அம்மா காலையிலேயே தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். த்ரீவீலர்காரன் விடவில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில், மாலையோடு, எழுந்து வந்து தன் அம்மாவிடம் வாதாடினான்.

“படம் ஓடலைதாம்மா. ஆனா ஏன் ஓடல? அத்தை அன்னைக்குத் தூங்கல. ஆறு படத்துக்கும் தூங்குச்சு, ஆறும் ஓடுச்சு. ராசி அத்தைய விட்டுப் போகல, தூங்காம விட்டதுதான் தப்பு. கலியாண யோசனையில அதுக்குத் தூக்கம் வரல. அதுக்கு அத்தை என்ன செய்யும்?”

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எங்கள் ஆட்களிடம் இந்த மாதிரிப் பேச்சு எடுபடும். பயல்கள் எல்லாம் ஆமா ஆமா என்றார்கள், நாங்களே பார்த்தோம், கண்ணை மூடவே இல்லை என்று சாட்சி சொன்னார்கள். அவன் அம்மா மகனின் மாலையைச் சரிசெய்துவிட்டாள். பிறகு, “சரி, அப்ப சம்பந்தியம்மாவே தட்டை எடுத்துட்டு வரட்டும்” என்றாள்.

பச்சைச் சேலையில் சித்தி தாலித் தட்டை எடுத்தாள். தேங்காய், மஞ்சள், பூவுக்கு நடுவே தாலி. பெரியவர்கள் தொட்டு வாழ்த்த ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு வந்தாள். மணவறை அங்கிருந்து பத்து அடி இருக்கும். மகள் மணவறையில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

த்ரீவீலர்காரன் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான். “பாத்தியா மச்சான், ஆறு படம். வரிசையா ஆறு. உன் ஆளுக்கு உண்டா?”

அவ்வளவுதான். அவன் அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதுவும் என் அயோக்கியத்தனம்தான். அவன் சொன்னது விளையாட்டுக்கு. நான் போனை எடுத்தேன்.

“ஆறு இல்ல, அஞ்சுதான்” என்றேன். “ஆறாவது அரைப்பேர். நான் சொல்லல, நீயே சொல்லியிருக்க.”

போட்டுவிட்டேன், சத்தத்தைக் கூட்டி. மண்டபத்தில் அவன் குரலே கேட்டது. மச்சான், உண்மையச் சொல்றேன், இது அரைப்பேர் படந்தான். கீழ் லயத்துக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தைக்குத் தெரிஞ்சா வருத்தப்படும் என்ற வரியும் வந்தது, அதற்குள் நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. சித்தி என்ன ஆவாள் என்று நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். ஒரு நொடி யோசித்தேன். ஜெயித்துவிடலாம் என்றுதான் அந்த நொடியிலும் பட்டது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றாள்.

“அப்ப ஆறாவதுக்குத் தூங்கியும் ஓடல. ஏழாவதுக்கு முழிச்சும் ஓடல. எப்பவோ போயிருக்கு ராசி. நீங்க என்னைய முட்டாளாக்கப் பாத்தீங்களா?” பிறகு சித்தியைப் பார்த்து, குரலைக் கூட உயர்த்தாமல், “தட்டை அக்காகிட்டக் குடுங்க” என்றாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை. சித்தி யாரையும் பார்க்கவில்லை. தட்டில் ஒரு பூ விளிம்புக்கு வந்திருந்தது. அதை நடுவில் எடுத்து வைத்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா சட்டென்று வாங்கிக்கொண்டாள், இவள் மனம் மாறிவிடுவாளோ என்று பயந்தவள் மாதிரி. மணவறையிலிருந்து “அம்மா” என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ பெண்ணின் தோளை அமுக்கி உட்காரவைத்தார்கள். கெட்டிமேளம் கேட்டபோது சித்தி மண்டபத்துப் பின்பக்கம் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் காய்ந்துவிடும் என்று அடுப்பை விட்டு வரவில்லை. பந்தியில் அவளே வந்து எனக்கு இரண்டு அப்பளம் வைத்தாள்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த நடிகருக்கு அடுத்த படம் நன்றாகவே ஓடியது. யாரும் சித்திக்கு வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. புதுச்சேலைக்காரர்களைக் கண்டால் அவள் மறுபடி தேயிலைக்குள் இறங்கிவிடுகிறாள். த்ரீவீலர்காரன் என்னோடு பேசுவதில்லை. மகள் முழுகாமல் இருந்து வளைகாப்பு நடந்தபோதும் சித்தி அடுப்படியில்தான் இருந்தாளாம்.

போன மாதம் சித்தி பசறைச் சந்தைக்கு வந்தவள் என் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். கையில் மரக்கறிப் பை. உள்ளே வராமல் படியிலேயே நின்றாள். என் ஆளின் படம் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அவருக்கு அதுவரை வரிசையாக மூன்று ஓடியிருந்தது.

“உன் ஆளு படம் வருதாமே” என்றாள். “நானும் வரட்டுமா ராசா? ஓடுச்சுன்னா எல்லாருக்கும் தெரியுமுல்ல. பேரப்புள்ளைக்குப் பேரு வைக்கிறப்பவாவது...” பிறகு, “தூங்கணும்னா தூங்குறேன். முழிச்சிருக்கணும்னா முழிச்சிருக்கேன். நீ எப்படிச் சொல்றியோ அப்படி” என்றாள்.

இந்த ராசி வெறும் கதை என்பது உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் கட்டிவிட்ட கதை அது. என் சட்டைப்பையில் இரண்டு டிக்கெட் இருந்தன. கூட வருவதாக இருந்தவன் வரமுடியாது என்று காலையிலேயே சொல்லிவிட்டான்.

“டிக்கெட் இல்ல சித்தி” என்றேன்.

“சரி ராசா” என்று பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

வியாழக்கிழமை பக்கத்துச் சீட்டு காலியாக இருக்க நான் தனியாகப் படம் பார்த்தேன். படம் ஓடியது. என் ஆளுக்கு இப்போது வரிசையாக நாலு.